பஸ் சீட்டுத் துணி போட்ட சுசூகி

கிளெண்டாவை விழத்தட்டியது ஆட்டுப் புழுக்கை. டாட்மர்டனிலிருந்து மேட்டுவெளிக்கு ஏறுகிற ரோட்டில், அக்டோபர் ஈரத்தில், ஒரு மந்தை அப்போதுதான் கடந்துபோன வளைவில் அவள் தன் சுசூகி பைக்கைச் சாய்த்தாள். சாய்ந்த வண்டி நிமிரவில்லை. அது கற்சுவரை உரசிக்கொண்டே போய் நின்றது; அவள் புல்லில் உருண்டு காறை எலும்பை முறித்துக்கொண்டாள். ஊரில் மாடி பஸ் ஓட்டுகிறவள் அவள். அத்தனை பெரிய வண்டியில் ஒரு கீறல் போட்டதில்லை. இரக்கப்படுவார்கள் என்று நினைத்தால் அது டாட்மர்டனே இல்லை. எலும்பு கூடித் திரும்ப வேலைக்கு வந்த அன்று, பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரும் சில்லறையை நீட்டிக்கொண்டே, "ஆடு இப்ப எப்படி இருக்கு கண்ணு?" என்று விசாரித்தார்கள்.

வண்டியின் கதை அதைவிட மோசம். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, சட்டமும் நேராகத்தான் இருந்தது. நொறுங்கியதெல்லாம் பிளாஸ்டிக். பந்தய வண்டி மாதிரி முன்னாலும் பக்கவாட்டிலும் போர்த்தியிருந்த ஃபேரிங், மூக்கு, விளக்கு, வால். அந்தப் பிளாஸ்டிக்கைப் புதிதாக வாங்குகிற காசுக்கு அதே வயதில் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். அதனால் இன்சூரன்ஸ்காரர்கள் வண்டி செத்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போனார்கள். கொடுத்த பணத்தில் கொஞ்சத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்து, கிளெண்டா அந்தப் பிணத்தைத் தானே வாங்கிக்கொண்டு வந்து பின்கட்டில் போட்டாள்.

வடக்கு இங்கிலாந்தில் அந்தத் தொண்ணூறுகளில் ஸ்ட்ரீட்ஃபைட்டர்கள் இப்படித்தான் பிறந்தன. தெருச்சண்டைக்காரன் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு 'வாடா' என்று நிற்கிற ஆளைப் போலத்தான் இருக்கும். உடைந்த போர்வையைக் கழற்று, எஞ்சின் வெளியே தெரியட்டும். குனிந்து பிடிக்கிற குட்டை ஹேண்டிலைத் தூக்கிப்போட்டுவிட்டு, மண்ரோட்டு வண்டியின் அகல ஹேண்டிலை மாட்டு. முன்னால் இரண்டு வட்ட விளக்கு. வாலை வெட்டு. அவ்வளவுதான். கையில் காசில்லாதவர்கள் வேறு வழியில்லாமல் செய்த வேலை அது. பிறகு காசுள்ளவர்களும் பார்த்து ஆசைப்பட்டுக் கடையில் கொடுத்துச் செய்து வாங்கத் தொடங்கினார்கள். அதற்கு யார் என்ன செய்ய முடியும்.

கிளெண்டாவுக்கு ஆசையைவிட அவசரம்தான் அதிகம். 'கறுப்புக் கிடா' என்கிற ஊர் பைக் சங்கத்தில் பல வருடமாக முதல் வண்டி அவளுடையது. நாற்பது வண்டி வரிசை கட்டிப் போகும்போது முன்னால் போகிறவள் அவள். எங்கே திரும்புவது, எங்கே நின்று டீ குடிப்பது, என்ன வேகம், எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். அந்த இடம் ஒவ்வொரு மே மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, பேக்ஹார்ஸ் மதுக்கடையின் முற்றத்தில் முடிவாகும். முற்றத்தின் நடுவில் பழைய கல்தொட்டி ஒன்று கிடக்கிறது. முதல் வண்டி கேட்கிறவர் சொந்த வண்டியில், அதன் சொந்தச் சக்கரத்தில் உருண்டு வந்து, எஞ்சின் ஓட ஓட, கால் ஊன்றாமல் அந்தத் தொட்டியை வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இடம் சொற்பம். ஹேண்டிலைக் கடைசிவரை ஒடித்தால்தான் வண்டி திரும்பும். வேகமாகப் போக எந்தக் கிறுக்கனாலும் முடியும், மெதுவாகத் திருப்பத் தெரிந்த ஆள் பின்னால்தான் நம்பிப் போகலாம் என்பது சங்கத்தின் கட்சி. அன்று கிடைத்த இடம் அடுத்த மே வரைக்கும். அன்று வராதவர்களுக்கு அடுத்த மே வரை வாய் கிடையாது.

அவள் விழுந்த நாளிலிருந்து முன்னால் போய்க்கொண்டிருந்தவன் டங்கன். குழாய் வேலைக்காரன், நல்ல சம்பாத்தியம், நல்ல குரல், அந்தக் குரலை எப்போது நிறுத்துவது என்று மட்டும் தெரியாது. அவனிடமும் ஒரு ஸ்ட்ரீட்ஃபைட்டர் இருந்தது. லீட்ஸில் ஒரு கடையில் கொடுத்துச் செய்தது. கண்ணாடி மாதிரி மின்னும்.

கிளெண்டாவின் கணவன் நாரிஸ் ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறவன். பைக் என்றால் அவனுக்குப் பயம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் பின்னால் உட்கார்ந்ததில்லை. ஆனால் ஓட்டாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "நான் பயப்படறது என் பாடு, நீ ஓட்டறது உன் பாடு" என்பான். அப்படிப்பட்டவன் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவனுடைய பெருமைக்குரிய கண்ணாடிச் சாப்பாட்டு மேஜையின் மேல் சுசூகியின் முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் குழாய் ஒன்று உருண்டுகொண்டிருந்தது.

"அதுல நாம சாப்பிடறோம், ஞாபகம் இருக்கா?"

"இரு, பேசாதே. குனிஞ்சு பாரு. உருளும்போது அடியில வெளிச்சம் தெரியுதா?"

நாரிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தான். "தெரியல."

"எங்கயாச்சும் தூக்கிப் போடுதா?"

"இல்ல. ஆனா எண்ணெய் போகுது, மேஜை பூரா."

"எண்ணெய் போனா துடைச்சுக்கலாம். குழாய் வளைஞ்சிருந்தா என் கதை முடிஞ்சுது. ஊர்ல இவ்வளவு சமமான கண்ணாடி வேற யார் வீட்டுலயும் இல்லப்பா."

மேஜையைப் புகழ்ந்துவிட்டதால் நாரிஸ் கோட்டைக் கழற்றினான். துணி எடுத்துவரப் போனான். அன்றிலிருந்து அவனும் அந்த வேலைக்குள் வந்துவிட்டான் என்பது அவனுக்கே தெரியாது.

குளிர்காலம் முழுக்க பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் வேலை நடந்தது. அகல ஹேண்டில் காயலான் கடையில் ஒரு மண்ரோட்டு வண்டியிலிருந்து கிடைத்தது. ஆனால் சுசூகியில் ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கிற மேல்தட்டில் அதை உட்கார வைக்க இடமே கிடையாது. தட்டில் ஓட்டை போட்டுப் பிடிமானம் வைக்க வேண்டும். ஓட்டை இம்மி பிசகினாலும் ஹேண்டில் கோணிக்கொள்ளும். பஸ் டிப்போவில் இருந்த பெரிய துளையிடும் மெஷினை மதியச் சாப்பாட்டு வேளையில் கேட்டு வாங்கி, சாண்ட்விச்சைக்கூடப் பிரிக்காமல் அளந்தாள், மறுபடி அளந்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். சரியாக விழுந்தது. அன்று மதியம் பஸ்ஸில் ஏறிய எல்லோருக்கும் அவள் தேவையில்லாமல் வணக்கம் சொன்னாள்.

விளக்குகள் ஒரு பழைய காரின் கண்கள். அவற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு தகடு வேண்டியிருந்தது. நாரிஸ் கடையில் நெளிந்துபோன அலுமினிய ரொட்டித் தட்டுகளைக் குப்பைக்கு எறிவார்கள், இரண்டைக் கொண்டுவந்தான். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆணியடித்து வெட்டினால் தகடு தயார். ஃபேரிங் மூக்குக்குள் இத்தனை நாள் ஒளிந்திருந்த ஒயர்க் கற்றை வெளியே வந்து குடல் சரிந்த மாதிரி தொங்கியபோது, ரொட்டிப் பையின் வாயில் மாட்டுகிற சின்னப் பிளாஸ்டிக் வில்லைகளை ஒரு கோப்பை நிறைய அவன்தான் கொடுத்தான். ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு வில்லை, அதன்மேல் பேனாவால் பெயர். முழுக் கோதுமை வில்லை பிரேக் விளக்குக்கு, வெள்ளை ரொட்டி வில்லை ஹாரனுக்கு.

வாலை ரம்பத்தால் வெட்டிக் குட்டையாக்கியதும் சீட்டுக்குத் துணி வேண்டும் என்று ஆயிற்று. தோல் வாங்க மனசு வரவில்லை. டிப்போவில் உடைக்கப் போகிற பஸ் ஒன்று நின்றிருந்தது, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓட்டிய பஸ். அதன் சீட்டுத் துணியைக் கேட்டு வாங்கினாள்: ஆரஞ்சும் பழுப்பும் கட்டம் போட்ட கெட்டித் துணி, ஊரே உட்கார்ந்தும் கிழியாதது. சீட்டின்மேல் இழுத்துக் கட்டியபோது நாரிஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல உக்காந்தா டிக்கெட் எடுக்கணுமா?" என்றான்.

எல்லாவற்றிலும் சிக்கனம் பார்த்தவள் பிரேக் குழாயில் மட்டும் பார்க்கவில்லை. ஹேண்டில் உயர்ந்துவிட்டால் பழைய குழாய் எட்டாது. புதிதாக, நீளமாக, இரும்புப் பின்னல் போட்டது வாங்கினாள். கிளட்சுக்கும் அப்படியே. ஆக்சிலேட்டர் கேபிள் மட்டும் பழையதே எட்டியது. விளக்குக்கு வலப்பக்கம் ஒரு வளையம் போட்டு வெளியே துருத்திக்கொண்டு போனாலும் எட்டியது. எட்டியதை மாற்றுவானேன் என்று விட்டுவிட்டாள்.

ஏப்ரலில் டங்கன் பார்க்க வந்தான். கையில் பேக்கன் பன், வாயில் பாதி.

"கிளெண்டா, இது வண்டியா, ஓடிப்போன சமையலறையா?"

"ஓடுது இல்ல? அதைப் பாரு."

"ஓடும் ஓடும். ஆனா அந்த கேபிள் என்ன, வாசல்ல துணி காயப்போடற கொடியா? நாப்பது பேர் முன்னாடி இதையா கொண்டு வரப்போறே? உன் பஸ்லயே வந்துடேன். நாங்க டிக்கெட் எடுத்துட்டு மேல் மாடியில உக்காந்துக்கறோம்."

"நீ நின்னுட்டு வா. உன் வாய்க்கு சீட் பத்தாது."

டங்கன் சிரித்துக்கொண்டே போனான். அவனுக்கு அது அந்தப் பன்னோடு தீர்ந்த பேச்சு. அவளுக்குத் தீரவில்லை. அரசாங்கத்தின் வருடாந்திரச் சோதனையில் வண்டி ஒரு குறையுமில்லாமல் தேறியது. சோதனை செய்தவர் சீட்டைத் தடவிப் பார்த்து, இந்தத் துணியில்தான் பள்ளிக்கூடம் போனேன் என்று சொல்லிவிட்டுச் சான்றிதழ் கொடுத்தார். மேட்டுவெளியில், விழுந்த அதே வளைவில், ஆடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். போர்வை இல்லாத வண்டியில் காற்று மார்பில் கைவைத்துத் தள்ளியது. அகல ஹேண்டில் சொன்னதைக் கேட்டது. பழைய சுசூகி குனிந்துகொண்டு கோபமாகப் போகும். இது நிமிர்ந்துகொண்டு ஆசையாகப் போயிற்று. ஹெல்மெட்டுக்குள் அவள் சத்தமாகச் சிரித்தாள். இவ்வளவுக்குப் பிறகும், வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் அவள் கண் அந்தக் கேபிள் வளையத்தில்தான் போய் விழுந்தது. கொடி. துணி காயப்போடுகிற கொடி.

மே மாதப் புறப்பாட்டுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அவள் அதை ஒரு கை பார்த்தாள். கேபிளைக் கழற்றி, விளக்குகளுக்குப் பின்னால் குறுக்கே கொண்டுபோய், இடப்பக்கம் சுற்றி, டேங்குக்கு அடியில் நுழைத்து, வரிசையாகக் கறுப்புப் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினாள். கேபிள் இருந்த இடமே தெரியவில்லை. லீட்ஸ் கடைக்காரன் வந்து பார்த்தாலும் வாயடைத்துப்போவான் என்று நினைத்தாள். கேபிளை மாற்றினால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்க்க வேண்டும் என்பது வண்டி பிரிக்கிற யாருக்கும் தெரியும். அவளும் பார்த்தாள். எஞ்சினை ஓடவிட்டு இடப்பக்கம் ஒடித்தாள், ஒன்றும் ஆகவில்லை. வலப்பக்கம் ஒடித்தாள். பின்கட்டின் மூலையில் அடுப்புக்கு நிலக்கரி கொட்டிவைக்கிற கரிப்பெட்டி இருந்தது. அகல ஹேண்டிலின் இடதுமுனை அதில் போய் இடித்து, பாதியோடு நின்றது. பழைய குட்டை ஹேண்டில் அந்தக் கரிப்பெட்டியைத் தொட்டதே இல்லை. வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள், நாரிஸ் சாப்பிடக் கூப்பிட்டான். தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு காலை வெயில். டாட்மர்டனில் மே மாத வெயில் என்பது யாரோ தவறுதலாகத் திறந்துவிட்ட கதவு மாதிரி. எப்போது மூடும் என்று தெரியாது. பேக்ஹார்ஸ் முற்றம் நிரம்பி வழிந்தது. வண்டிகள் சுவரோரம் வரிசையாக நின்று உறுமின. கடைக்காரி பெரில் பெரிய டீ பாத்திரத்தை மரப்பெட்டியின் மேல் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கடையும் அவளுடையது, சங்கத்தின் கடைசி வார்த்தையும் அவளுடையது. அவள் இடுப்பில்தான் முற்றத்துக் கேட்டின் சாவி தொங்கும். சர்ச் மணி பத்து அடித்ததும் கேட்டைத் திறப்பாள். அப்போது யார் முன்னால் தயாராக நிற்கிறாரோ அவர்தான் முதல் வண்டி. நாரிஸ் ரொட்டிக் கடை வேனில் பன் கொண்டுவந்திருந்தான். அவன் ஒரு மூலையில் நின்று, யாரையும் பார்க்காத மாதிரி கிளெண்டாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுசூகி உள்ளே நுழைந்ததும் பேச்சு குறைந்தது. அது சாதாரண விஷயம் அல்ல. அந்தக் கூட்டம் எதற்கும் பேச்சைக் குறைக்காது. ரொட்டித் தட்டு விளக்குகள், வெட்டிய வால், எண்ணெய் மின்னுகிற எஞ்சின், அதன்மேல் ஆரஞ்சும் பழுப்பும். யாரோ ஒருவர், "நாப்பத்தாறாம் நம்பர் பஸ் சீட்டுடா அது!" என்று கத்தினார். பிறகு கைதட்டல். கிளெண்டாவுக்குக் காது சூடாகியது. ஆறு மாதக் கரியும் குளிரும் அந்தக் கைதட்டலில் கழுவிக்கொண்டு போனது.

டங்கன் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "கொடி எங்கே?"

"துணி காஞ்சுடுச்சு, எடுத்துட்டேன்."

"ம்" என்றான் டங்கன். அவன் வாயிலிருந்து ஒற்றை எழுத்தில் வந்த பாராட்டு அது ஒன்றுதான்.

"சுத்தறதுன்னா சுத்து கண்ணு, டீ ஆறுது" என்றாள் பெரில்.

கிளெண்டா முதல் கியரில் நடை வேகத்தில் தொட்டியை நோக்கிப் போனாள். இந்தச் சுற்று அவளுக்குப் பழகியதுதான். பார்வையைத் தொட்டியில் வைக்காமல் போக வேண்டிய இடத்தில் வை, பின் பிரேக்கில் லேசாகக் கால், கிளட்சில் இரண்டு விரல். ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்தாள். கால்வாசிச் சுற்று, ஒன்றுமில்லை. இன்னும் ஒடித்தாள். அவள் கை அசையவே இல்லை, எஞ்சின் தானாக எழும்பியது.

முதலில் ஒரு முனகல், பிறகு அலறல். ஹேண்டில் கடைசிவரை போகப் போக, இறுக்கிக் கட்டிய கேபிள் இழுபட்டு எஞ்சினைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நேரே சுவரைப் பார்த்தது. கிளெண்டாவுக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது, கரிப்பெட்டி உட்பட. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் நிற்கும், சுற்றும் செல்லாமல் போகும். காலை ஊன்றினாலும் அதே கதி. ஹேண்டிலை நேராக்கினால் சுவர். அவள் கிளட்சை முழுக்கப் பிடித்தாள். எஞ்சின் தனியாக நின்று கதற, வண்டி வெறும் உருளலில் மிதந்தது. முற்றத்தின் அந்தப் பாதி கேட்டைப் பார்த்துச் சரிவாக இறங்குகிறது. அதை நம்பினாள். பின் பிரேக்கை விட்டாள். தொட்டியின் விளிம்பு முழங்காலை உரசியது. சரிவு வண்டியை இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் சேர்த்தது. ஹேண்டில் நேரானதும் எஞ்சின் ஒன்றுமே நடக்காத மாதிரி அமைதியானது.

முற்றம் வெடித்தது. விசில், கத்தல், ஹாரன். எல்லோரும் அவள் வேண்டுமென்றே முறுக்கிக் காட்டினாள் என்று நினைத்தார்கள். கால் ஊன்றாமல், அந்த இடுக்கில், எஞ்சினை அப்படி அலறவிட்டுக்கொண்டு இதுவரை யாரும் சுற்றியதில்லை.

"திமிரைப் பாரு!" என்று சந்தோஷமாகச் சொன்னாள் பெரில். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே, "இந்த வருஷமும் நீதான்" என்று கேட்டை நோக்கி நடந்தாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். நேர் ரோட்டில் அந்தக் கேபிள் ஒன்றும் செய்யாது. முதல் டீ நிறுத்தத்தில் யாருக்கும் தெரியாமல் டேக்கை அறுத்துவிட்டிருக்கலாம். கிளெண்டா அதையெல்லாம் நினைக்காமல் இல்லை. ஆனால் மேட்டுவெளி ரோட்டில் எங்கே ஒரு டிராக்டர் குறுக்கே வந்து ஒடித்துத் திரும்ப நேரும் என்று யாருக்குத் தெரியும். பின்னால் நாற்பது பேர், அவளை நம்பி, அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டு. அந்த இடத்தின்மேல் அவளுக்கு உயிர். அதனாலேயே அதைத் திருட்டுத்தனமாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.

"பெரில், தொறக்காதே."

பெரில் திரும்பினாள்.

"நான் முறுக்கல. அதுவா ஏறுச்சு. வலப்பக்கம் ஒடிச்சா கேபிள் இழுக்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அழகா இருக்கட்டும்னு நான்தான் மாத்திக் கட்டினேன். ஒடிச்சுப் பாக்காம கொண்டு வந்துட்டேன்." அவள் ஸ்டாண்டைப் போட்டு வண்டியிலிருந்து இறங்கினாள். "இப்படியே முன்னாடி போகமாட்டேன்."

கைதட்டிய கைகள் சும்மா தொங்கின. யாரும் அவளைப் பார்க்கவில்லை. பாராட்டுவதைவிட இரக்கப்படுவது அந்த ஆட்களுக்குக் கஷ்டமான வேலை.

"சரி பண்ண நேரமாகுமா?" என்றாள் பெரில்.

"ஆகும். டேங்கைத் தூக்கணும்."

"மணி அடிக்கப் போகுது கண்ணு. வழக்கம் தெரியும்ல? அடிக்கும்போது யார் தயாரோ அவங்கதான்."

"தெரியும். அடுத்தது டங்கன். அவன் போகட்டும்." ஒரு வருடம். அந்த முதுகுக்குப் பின்னால் ஒரு வருடம்.

பெரில் பெருமூச்சு விட்டாள். "டங்கன், வா. தொட்டியைச் சுத்திட்டு முன்னாடி நில்லு."

டங்கன் தன் வண்டிமேல்தான் உட்கார்ந்திருந்தான். லீட்ஸ் எஞ்சின் அவனுக்கு அடியில் பூனை மாதிரி சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவன் கிளெண்டாவைப் பார்த்தான், அவள் சீட்டைப் பார்த்தான், தன் கையுறையைப் பார்த்தான். பிறகு நிதானமாகச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றது. சாவி ஆஃபில் இருக்க, ஸ்டார்ட் பொத்தானை எல்லோரும் பார்க்க ஒருமுறை அழுத்தினான்.

"ஸ்டார்ட் ஆகல" என்றான்.

"இப்பதானே ஓடிட்டு இருந்துச்சு?" என்றாள் பெரில்.

"அதான் எனக்கும் புரியல. திடீர்னு படுத்துருச்சு. பாவம்."

பெரில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்த்தாள். அதன் சொந்தக்காரர் அவசரமாகத் தன் சாவியைத் திருப்பி, "என்னோடதும்" என்றார். "ஈரம் போல." அதற்கடுத்து ஒருத்தி, "பெட்ரோல் வரல" என்றாள். பிறகு யாரும் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. சுவரோரம் ஒவ்வொரு எஞ்சினாக அணைந்துகொண்டே போனது. கடைசியில் மூலையிலிருந்த ஒரு பழைய வண்டி நிஜமாகவே நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்து இருமி, சொந்தக்காரரிடம் திட்டு வாங்கி ஓய்ந்தது. முற்றத்தில் பாத்திரத்தில் டீ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில்தான் சர்ச் மணி பத்து அடித்தது. பெரில் கேட்டை அகலத் திறந்து வைத்தாள். ஒருவரும் நகரவில்லை.

"நாப்பது வண்டியும் ஒரே நேரத்துல கெட்டுப்போச்சா?"

"வயசாயிடுச்சு பெரில்" என்றான் டங்கன். "வண்டிக்கும் எங்களுக்கும்."

பெரில் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். வழக்கத்தை மீறுகிறவள் அல்ல அவள், வளைக்கத் தெரிந்தவள். "அப்ப ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கேட் தொறந்தாச்சு, யாரும் தயாரில்ல. இனி எந்த வண்டி முதல்ல ஸ்டார்ட் ஆகுதோ அதுதான் இந்த வருஷம் முதல் வண்டி. டீ வேணுங்கறவங்க வாங்க."

நாற்பது பேரும் டீக்குப் போனார்கள். யாரும் எந்த வண்டியையும் தொடவில்லை.

கிளெண்டா சீட்டைத் தூக்கி, டேங்கின்மேல் குனிந்துகொண்டாள். நாரிஸ் வேனிலிருந்து பன் அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"எதை அறுக்கணும்?"

"அந்த டேக் எல்லாம். கேபிள்ல படாம."

"ரொட்டியவே மெலிசா அறுக்கறவன்கிட்ட சொல்றே" என்று அவன் ஒவ்வொன்றாக அறுத்தான். கத்தி பிசகவில்லை. இதுவரை அந்த வண்டி ஓடாமல் நிற்கும்போதுகூட அவன் அதைத் தொட்டதில்லை. அவள் கேபிளை இடப்பக்கத்திலிருந்து உருவி, விளக்குக்கு வலப்பக்கம் கொண்டுவந்து மாட்டினாள். அது வெளியே வளைந்து, எல்லோரும் பார்க்க, அசிங்கமாகத் தொங்கியது.

டங்கன் டீயோடு வந்து, கேட்காமலே கோப்பையைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, ஹேண்டிலைப் பிடித்து வலப்பக்கம் கடைசிவரை ஒடித்துக்கொண்டு நின்றான். "போடு."

அவள் பொத்தானை அழுத்தினாள். சுசூகி ஸ்டார்ட் ஆனது. ஒடித்த ஹேண்டிலோடு, ஒரு முனகல்கூட ஏறாமல், அமைதியாக ஓடியது. டங்கன் இடப்பக்கம் ஒடித்தான், மறுபடி வலப்பக்கம் ஒடித்தான். மாற்றமில்லை. முற்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உன்னோடது சரியாயிடுச்சா?" என்றான் டங்கன்.

"ஆயிடுச்சு."

"நல்லவேளை. என்னோடதையும் போய்ப் பாக்கறேன்."

போனான், உட்கார்ந்தான், சாவியைத் திருப்பினான். ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது. பக்கத்து வண்டியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. பெரில் டீ பாத்திரத்துக்குப் பின்னால் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "இப்படி ஒரு அதிசயத்தை எங்க போய்ச் சொல்றது" என்றாள்.

கிளெண்டா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு முன்னால் போய் நின்றாள். அவள் கட்டிய வண்டி, அவள் இடம். வாழ்க்கையில் எதற்கும் அவள் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை; நாரிஸ் கேட்டாலும் அதை ஒப்புக்கொள்வாள். கையை உயர்த்தினாள். பின்னால் நாற்பது எஞ்சின்கள் ஒன்றாகக் குரலெழுப்பின. கேட்டைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாள். முன்னால் போகிறவளுக்குக் கண் மறைத்தால் நாற்பது பேருக்கும் வழி தெரியாமல் போய்விடும்.